பேஸ்மேக்கர்: எண்ணைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

ஈசிஜி தாளின் மேல்மூலையில் ‘நிமிடத்துக்கு 42’ என்று அச்சாகி வந்துவிட்டால் போதும், வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். “உடனே பேஸ்மேக்கர் வெச்சிடலாம்பா, எதுக்கு ரிஸ்க்?” என்பார் மகன். “இந்த வயசுல நெஞ்சைக் கிழிச்சு மிஷின் வெக்கணுமா? இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்பார் அப்பா. இருவரும் அந்த ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அந்த எண்ணுக்கோ இருவரில் யார் சொல்வது சரி என்று சொல்லும் சக்தி கிடையாது. துடிப்பு ஏன் குறைந்தது, மின்தூண்டல் எந்த இடத்தில் தடைப்படுகிறது, அவருக்கு வருகிற மயக்கமும் தளர்ச்சியும் அந்தத் தடையால்தான் வருகின்றனவா என்பவை தெரிந்த பிறகே முடிவு எடுக்க முடியும். இவற்றைக் கேட்காமல் வைக்கப்படும் கருவியும், இவற்றைக் கேட்காமல் மறுக்கப்படும் கருவியும் ஒரே அளவுக்குத் தவறு என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்போம்.

இதயத்தின் வலது மேலறையில், உச்சிப் பக்கமாக, சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் பிறப்பது அங்கே. அது மேலறைகளைச் சுருங்கவைத்து, நடுவில் இருக்கும் ஏவி கணுவுக்கு வந்து, நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளுக்குப் போகிறது. ஆகவே பழுது இரண்டு விதமாக வரலாம். தூண்டல் பிறப்பதே மெதுவாகலாம். அல்லது பிறந்த தூண்டல் கீழே போய்ச் சேராமல் வழியில் நின்றுபோகலாம். மருத்துவமனை வராந்தாவில் இரண்டுக்கும் ‘ஹார்ட் பீட் கம்மி’ என்ற ஒரே பெயர்தான். உண்மையில் இவை வெவ்வேறு நோய்கள்.

வழியில் நின்றுபோகும் வகையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இங்கே விவாதத்துக்கு இடம் குறைவு. மேலிருந்து தூண்டல் வராதபோது கீழறைகள் தாமாகவே நிமிடத்துக்கு 20 முதல் 40 முறை துடித்து உயிரைப் பிடித்துவைக்கப் பார்க்கும். அந்தத் துடிப்பை நம்ப முடியாது; முன்னறிவிப்பின்றிச் சில நொடிகள் நின்றுவிடும். நடந்துகொண்டிருப்பவர் அப்படியே சரிவார். பேஸ்மேக்கர் வராத காலத்தில், தூண்டல் எதுவுமே கீழே போய்ச் சேராத முழு அடைப்பும் இப்படிப்பட்ட மயக்கமும் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். இந்த நோய்க்கு ஒரு குழுவுக்குக் கருவி வைத்து இன்னொரு குழுவைச் சும்மா விட்டுப் பார்க்கும் சோதனை நடத்தப்படவில்லை. அப்படி நடத்த எந்த மருத்துவருக்கும் மனசாட்சி இடம் கொடுத்திருக்காது.

உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் நோயாளியின் வரலாறே இதற்குச் சாட்சி. சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சனுக்கு 43 வயதில் ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை நினைவு தப்பிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி எல்ஸ்-மேரி, கரோலின்ஸ்கா மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஓகே செனிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் வற்புறுத்தினார். மனிதருக்கு வைக்கும் நிலைக்குக் கருவி இன்னும் வரவில்லை என்று சொன்னவர்களை அவர் விடவில்லை. 1958 அக்டோபர் 8 அன்று லார்சனின் உடலுக்குள் கருவி வைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் அது நின்றுபோனது, மாற்றுக் கருவியும் நீடிக்கவில்லை. ஆனாலும் வழி திறந்துவிட்டது. பிற்பாடு வந்த கருவிகளையும் சேர்த்து மொத்தம் 26 கருவிகள் மாற்றிக்கொண்டு, தனக்கு அறுவை செய்தவரும் கருவி செய்தவரும் இறந்த பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் லார்சன் இறந்தார். மரணத்துக்குக் காரணம் தோல் புற்றுநோய்.

ஆகவே முழு அடைப்பும், ‘மொபிட்ஸ் இரண்டாம் வகை’ என்று ஈசிஜியில் எழுதப்படும் அடைப்பும், சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லை என்றால், மயக்கம் வந்திருந்தாலும் வராவிட்டாலும் பேஸ்மேக்கருக்கான நோய்கள். அமெரிக்க இதயச் சங்கங்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. இங்கே அப்பாவின் வாதம் நிற்காது. ‘நெஞ்சைக் கிழிப்பது’ 1958இன் கதை. இன்று தோள்பட்டை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு மூன்று அங்குலம் கீறி, ரத்தக்குழாய் வழியாக ஒயரை இதயத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. எண்பது வயதில் இதைத் தாங்க முடியாது என்பது வீண் பயம். எண்பது வயதில் குளியலறையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தாங்குவதுதான் கடினம்.

அறுபது வயதுக்குள் காரணம் தெரியாமல் இந்த அடைப்பு வந்தால் மட்டும் இன்னொரு படி தேவை. சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இதயத்தைத் தாக்கி இப்படித் தொடங்குவதுண்டு; நம் நாட்டில் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். துடிப்பு அபாயக் கட்டத்தில் இல்லையென்றால் கருவி வைப்பதற்கு முன்பே இதய எம்ஆர்ஐ எடுத்துவிடுவது நல்லது. கருவி உள்ளே போன பிறகு படம் தெளிவாக விழாது. சார்காய்டோசிஸ் உறுதியானால் வெறும் பேஸ்மேக்கர் போதாமல், அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் ஐசிடி தேவைப்படலாம்.

மற்ற வகையில், அதாவது தூண்டல் பிறப்பதே மெதுவாகும் வகையில், கணக்கு மாறுகிறது. சைனஸ் கணு தளர்ந்தவருக்குப் பேஸ்மேக்கர் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது கொடுப்பது தொல்லையிலிருந்து விடுதலை மட்டுமே. தொல்லையே இல்லாதவருக்கு அது எதைக் கொடுக்கும்? இத்தாலியில் அல்போனி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. சைனஸ் கணு நோயுள்ள, சராசரி வயது எழுபதைத் தாண்டிய 107 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பேஸ்மேக்கர், ஒரு குழுவுக்குத் தியோபிலின் மாத்திரை, ஒரு குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. மயக்கம் பேஸ்மேக்கர் குழுவில் 6 விழுக்காட்டினருக்கு வந்தது. சிகிச்சை பெறாத குழுவில் 23 விழுக்காட்டினருக்கு வந்தது. இது கருவியின் தெளிவான வெற்றி. அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: சிகிச்சை பெறாதவர்களிடமும் களைப்பு முதலிய மற்றத் தொல்லைகள் காலப்போக்கில் குறைந்தன. மயக்கத்துக்குக் கருவி வேலை செய்கிறது. ‘என்னவோ முடியல’ என்பதற்கு அது வேலை செய்யும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது.

சைனஸ் கணு விஷயத்தில் இத்தனைக்குக் கீழே போனால் கருவி வைக்க வேண்டும் என்ற எண்ணிக்கை வரம்பே கிடையாது என்று 2018 வழிகாட்டி எழுதியிருக்கிறது. தொல்லை இல்லாதவருக்குக் கருவி வைப்பதை ‘தீங்கு’ என்ற பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு ஓய்வில் நாற்பது சாதாரணம். உறக்கத்தில் எவருக்கும் துடிப்பு குறையும், சில நொடி இடைவெளிகளும் வரும். நாள் முழுக்க ஈசிஜியைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியின் அறிக்கையில் ‘இரவு 3 மணிக்கு 2.8 நொடி இடைவெளி’ என்ற வரியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, இவர் குறட்டை விடுகிறாரா என்பதை. உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுத்தாலே பல நேரங்களில் அந்த இடைவெளிகள் குறைந்துவிடுகின்றன.

களைப்புதான் தொல்லை என்றால் அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. படுத்திருக்கும்போது 45 இருப்பது பெரிதல்ல. மாடிப்படி ஏறும்போது, டிரெட்மில்லில் நடக்கும்போது அது உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உழைப்புக்கு ஏற்றபடி உயராமல் எழுபதிலேயே நின்று மூச்சு வாங்கினால் பேஸ்மேக்கருக்கான வாதம் வலுக்கிறது. நூறைத் தாண்டித் தாராளமாக உயர்ந்தால், களைப்புக்கான காரணத்தை ரத்தசோகையிலோ தைராய்டிலோ வேறெங்கோ தேட வேண்டும்.

மிகவும் தயக்கத்தோடு எடைபோட வேண்டிய இடம் மயக்கம். மனிதர்களுக்கு வரும் மயக்கங்களில் பெரும்பங்கு சாதாரண நரம்புவழி மயக்கம்: ரத்தத்தைப் பார்த்து, கூட்ட நெரிசலில் நின்று, வலியால், வெயிலால் வருவது. அந்த நேரத்தில் துடிப்பு குறைவதுண்டு. அப்படியானால் பேஸ்மேக்கர் அதைத் தடுக்குமே என்று தோன்றும். 1999இல் வெளியான ஒரு வட அமெரிக்கச் சோதனை அப்படித்தான் காட்டியது. அடிக்கடி மயங்கும் 54 பேரில் பாதிப்பேருக்குக் கருவி வைத்தார்கள். வைக்காதவர்களில் 70 விழுக்காட்டினர் மறுபடி மயங்கினார்கள். வைத்தவர்களில் 22 விழுக்காட்டினர் மட்டுமே. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடக்கூடும். ஆனால் தனக்குக் கருவி வைக்கப்பட்டதா இல்லையா என்பது அந்த நோயாளிகள் எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வாளர்களின் நேர்மை இதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. அதே குழுவினர் 2003இல் அடுத்த சோதனையை வெளியிட்டார்கள். இம்முறை 100 பேர். எல்லோருக்கும் கருவி வைத்தார்கள். பாதிப்பேருக்கு அதை இயக்கினார்கள், மீதிப்பேருக்கு வெறுமனே கவனித்துக்கொண்டிருக்குமாறு விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்த்துவந்த மருத்துவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் இயங்காத கருவியுள்ளவர்களில் சுமார் 40 விழுக்காட்டினரும், இயங்கும் கருவியுள்ளவர்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் மயங்கினார்கள். புள்ளியியல்படி இது வித்தியாசமே அல்ல. முதல் சோதனையில் தெரிந்த நன்மையில் பெரும்பகுதி, ‘எனக்குக் கருவி இருக்கிறது’ என்ற தைரியம் கொடுத்த நன்மை. அந்தத் தைரியத்துக்காக மட்டும் ஒருவரின் இதயத்துக்குள் ஒயர் வைக்கலாமா? கூடாது என்பதே என் முடிவு.

இந்த முடிவுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் ஆதாரமே காட்டுகிறது. 2012இல் வெளியான ‘இஷ்யூ-3’ சோதனையில் நாற்பது வயதைக் கடந்தவர்களை எடுத்துக்கொண்டு, தோலுக்கடியில் வைக்கும் சிறு பதிவுக்கருவியால் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மயங்கும் அதே நொடியில் இதயம் உண்மையிலேயே நின்றது என்று பதிவானவர்களை மட்டும் பிரதானமாகத் தேர்ந்தெடுத்து இயங்கும் கருவி, இயங்காத கருவி என்று பிரித்தார்கள். இரண்டாண்டில் மறுபடி மயங்கியவர்கள் இயங்காத குழுவில் 57 விழுக்காடு, இயங்கும் குழுவில் 25 விழுக்காடு. இந்த மூன்று சோதனைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் நோயாளிக்கு வேண்டிய பாடம் துலங்குகிறது: கருவி பலன் தருமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அதை வைப்பதற்கு முன் கிடைத்த பதிவு.

அந்தப் பதிவுக்காக நாம் செலவிடும் பொறுமைதான் மிகக் குறைவு. மாதம் ஒரு முறை மயங்குகிறவருக்கு 24 மணி நேர ஹோல்டர் கட்டினால், அந்த ஒரு நாளில் மயக்கம் வராமலே போகும். ‘நார்மல்’ என்று எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருவாரம், இருவாரம் நெஞ்சில் ஒட்டிவைக்கும் பட்டைகள் வந்துவிட்டன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் மயங்குகிறவருக்கு, ஏறத்தாழ மூன்றாண்டு வரை வேலை செய்யும் தோலடிப் பதிவுக்கருவி இருக்கிறது. செலவுதான், ஆனாலும் தேவையில்லாத பேஸ்மேக்கரின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது.

வீட்டு எண்களையும் அப்படியே நம்பக்கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கையில் கட்டும் பிபி மிஷினும் நாடியை எண்ணுகின்றன. இதயத்தின் மின்துடிப்பை அல்ல. ஒன்றுவிட்டு ஒன்று முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் இருந்தால், முந்திவரும் துடிப்பு கைவரை எட்டாது. கருவி 38 என்று காட்டும்; ஈசிஜி எடுத்தால் 76 இருக்கும். அவருக்கு வேண்டியது வேறு சிகிச்சை.

காரணம் மருந்துச் சீட்டிலேயே இருப்பதும் அபூர்வமல்ல. மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், டில்டியாசம், வெராபமில், டைகாக்சின், இவாப்ரடின், குளோனிடின் எல்லாமே துடிப்பைக் குறைப்பவை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தொடும். கண் டாக்டர் கொடுத்ததை இதய டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. தைராய்டு குறைவும், சிறுநீரகப் பழுதால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவதும் இதே வேலையைச் செய்யும். மாரடைப்பு இதயத்தின் அடிப்பகுதியில் வந்திருந்தால், கூடவே வரும் அடைப்பு பெரும்பாலும் சில நாட்களில் விலகிவிடும். அதுவரை தற்காலிக பேஸ்மேக்கர் போதும். எந்த மருந்தையும் தானாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்துவது தனி ஆபத்து.

‘வெச்சிட்டா நிம்மதி’ என்கிற மகன்களுக்கு எதிர்த்தட்டில் இருப்பதையும் காட்ட வேண்டும். டென்மார்க்கில் நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 5,900 பேரைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கருவி வைத்த ஆறு மாதத்துக்குள் 9.5 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு சிக்கல் வந்திருந்தது: ஒயர் இடம்பெயர்தல், நுரையீரல் உறையில் காற்று புகுதல், ரத்தக்கட்டு, கிருமித்தொற்று. தொற்று வந்தால் பெரும்பாலும் கருவியையும் ஒயரையும் எல்லாம் எடுத்தாக வேண்டும். பல ஆண்டு பழகிய ஒயரை எடுப்பது வைப்பதைவிடக் கடினம். பேட்டரி பத்தாண்டு வாக்கில் தீரும்; நாற்பது வயதில் வைத்துக்கொள்கிறவர் வாழ்நாளில் மூன்று நான்கு முறை மேசையில் படுக்க நேரும்.

நீண்டகாலச் சேதமும் உண்டு. வலது கீழறையின் முனையில் ஒயரை வைத்துத் தூண்டும்போது, மின்னோட்டம் இயற்கை வழியை விட்டுத் தசை வழியே மெல்லப் பரவுகிறது. இரு கீழறைகளும் ஒருமித்துச் சுருங்குவதில்லை. சைனஸ் கணு நோயாளிகளிடம் நடந்த மோஸ்ட் சோதனையின் 2003 பகுப்பாய்வு, துடிப்புகளில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இப்படித் தூண்டப்பட்டவர்கள் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 2.6 மடங்கு என்று கண்டது. தேவையில்லாமல் தூண்டாதபடி கருவியை அமைப்பது அதனால்தான் முக்கியம்.

எப்போதும் தூண்டல் தேவைப்படும் முழு அடைப்புக்காரருக்கு, ஒயரை இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே, இடது கற்றைக் கிளைப் பகுதியில் பொருத்தும் முறை வந்திருக்கிறது. சீனாவின் வெய்ஜியான் ஹுவாங் 2017இல் இதை முதலில் எழுதினார். பென்சில்வேனியாவில் கைசிங்கர் மருத்துவ நிறுவனத்தின் புகழ் விஜயராமனும், மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முகசுந்தரம் பொன்னுசாமியும் இந்தத் துறையில் உலகம் படிக்கும் கட்டுரைகளை எழுதியவர்கள். நீண்டகாலப் பெரிய சோதனைகள் இன்னும் முடிந்தாகவில்லை என்றாலும், இதன் தர்க்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. கைதேர்ந்த மருத்துவர் கிடைத்தால் கேட்டுப் பார்க்கலாம்.

விலை உயர்ந்ததே நல்லது என்ற எண்ணத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. எழுபது வயதைக் கடந்த, ஏவி அடைப்புள்ள 2,021 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2005இல் வெளியான சோதனையில், ஒற்றை ஒயர்க் கருவிக்கும் இரட்டை ஒயர்க் கருவிக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. நகையை அடகு வைத்து ‘டாப் மாடல்’ வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் அடங்கும் என்பதையும்.

படபடப்புக்காரர்களுக்கு ஒரு சொல். மேலறை ஒழுங்கற்று அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை பேஸ்மேக்கர் குணப்படுத்தாது. பக்கவாதத்தைத் தடுக்கும் ரத்த உறைவெதிர்ப்பு மாத்திரையை நிறுத்தவும் அது அனுமதி அல்ல. சிலருக்குத் துடிப்பு ஒருநேரம் ஓடும், ஒருநேரம் நிற்கும். ஓட்டத்தை அடக்க மருந்து கொடுத்தால் நிற்பது கூடும். அவர்களுக்கு மருந்தைத் துணிந்து கொடுக்க பேஸ்மேக்கர் துணை நிற்கிறது. அந்த அளவில் அது நியாயமான சிகிச்சை.

வைத்துக்கொண்ட பிறகு வாழ்வது பலர் பயப்படுவதுபோல் இல்லை. சில வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் இருக்க வேண்டும். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல் அரையடி தள்ளிப் பிடிக்க வேண்டும், இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மிக்சியும் கிரைண்டரும் பிரச்சினை இல்லை. ‘உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பேனோ’ என்று பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் அஞ்சுவதுண்டு. அதற்கும் பதில் சொல்ல வேண்டும்: உடல் முடிவுக்கு வரும்போது இதயத் தசை தூண்டலுக்குப் பதில் கொடுக்காது, பேஸ்மேக்கர் சாவைத் தடுத்து நிறுத்துவதில்லை. தகனம் செய்வதாக இருந்தால் மட்டும், நெருப்பில் பேட்டரி வெடிக்கும் என்பதால், முன்னதாகக் கருவியை எடுத்துவிட வேண்டும். இது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனையையும் எடைபோட்ட பின் என் தீர்ப்பு இது. ஏவி கணுவுக்குக் கீழே உறுதியான அடைப்பு, திருத்தக்கூடிய காரணம் இல்லை என்றால் வயதைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள்; நாள் கடத்தவும் செய்யாதீர்கள். சைனஸ் கணு மெதுவாக இருக்கிறது, தொல்லை எதுவும் இல்லை என்றால், எண் எவ்வளவு பயமுறுத்தினாலும் வைத்துக்கொள்ளாதீர்கள். இடைப்பட்ட எல்லோரும், நிலைமை அவசரமாக இல்லாதவரை, பதிவு கிடைக்கும்வரை காத்திருங்கள். முடிவெடுக்கும் அறைக்குள் நோயாளி இருக்கட்டும். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அவருடைய இதயத்தைப் பற்றிப் பிள்ளைகள் தீர்மானிப்பது சரியல்ல. போகும்போது கண் சொட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; மயக்கமோ தளர்ச்சியோ வந்த நேரத்தில் எடுத்த ஈசிஜி தாள் ஒன்று இருந்தாலும் அதைப் பத்திரப்படுத்திக் கையோடு கொண்டுபோங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.